எடை குறைக்கும் புதிய மாத்திரை: ஆய்வில் சேரலாமா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

உடல் பருமனைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊசியில்லாமல் வாய்வழியாகச் சாப்பிட்டு எடையைக் குறைக்கும் புதிய மாத்திரைகளைப் பற்றியும், அவற்றை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வுகளைப் பற்றியுமே கேட்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீளும். அதற்கான காரணம் படிக்கும்போது விளங்கும்.

கேள்வி: எனக்கு 46 வயது. உயரம் 155 செ.மீ., எடை 88 கிலோ. இரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் உண்டு. திருச்சியில் ஒரு மருத்துவமனையில், எடை குறைக்கும் புதிய மாத்திரையைச் சோதிக்கும் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். பரிசோதனைகள் எல்லாம் இலவசமாம். "உன்னைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று என் கணவர் கோபிக்கிறார். நான் சேரலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ உங்களை நேரில் பார்க்காமல் நான் சொல்வது முறையாகாது. முடிவெடுக்கும் முன் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் அச்சத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். எடை குறைக்கும் மருந்துகளின் வரலாறு அந்த அச்சத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆனாலும் இப்படிப்பட்ட பெரிய ஆய்வுகளில் உங்கள் கைக்கு வரும் மாத்திரை அதற்கு முன்பே பல படிகளைத் தாண்டியிருக்க வேண்டும். முதலில் விலங்குகளிடம், பிறகு மிகச் சிலரிடம், பிறகு சில நூறு பேரிடம் என்றுதான் அது வரும். ஆர்ஃபோர்கிளிப்ரான் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 2023இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் 272 பேரிடம் 36 வாரங்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் 3,127 பேரைச் சேர்த்து 72 வாரங்கள் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வு வந்தது. அமெரிக்கா, பிரேசில், ஜப்பான் முதலிய நாடுகளோடு இந்தியாவிலும் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது.

படிகளைத் தாண்டி வந்துவிட்டது என்பதாலேயே ஆபத்து இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. ஃபைசர் நிறுவனம் தானுகிளிப்ரான் என்ற இதே வகை மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தது. ஆய்வில் இருந்த ஒருவருக்கு அந்த மருந்தினால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று தெரிந்ததும், 2025 ஏப்ரலில் அந்த மருந்தின் வளர்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். மாத்திரையை நிறுத்தியதும் அவருக்குக் கல்லீரல் சரியாகிவிட்டது. ஆய்வில் மாதந்தோறும் இரத்தம் எடுப்பது சடங்குக்காக அல்ல என்பதை இந்த நிகழ்விலிருந்து புரிந்துகொள்ளுங்கள். ஆய்வில் சேர்ந்தால், "இந்த மாதம் வேலை இருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன்" என்று அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து ஒப்புதல் படிவம். இதைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். எடைக்கான ஆய்வு அல்ல, சர்க்கரை நோய்க்கான வேறோர் ஆய்வில் அவர் சேர்ந்திருந்தார். கல்யாண வீட்டு மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கற்றைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். இருபது பக்கத்துக்கு மேல் இருந்த அது முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து மட்டும் தமிழில் இருந்தது. கையெழுத்துப் போட்டு அப்போதே மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தின் அடியில், ஆய்வில் சேர்ந்தவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருந்தது. அவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்குப் பேசினேன். இரண்டு நாளில் தமிழ்ப் படிவம் வந்தது. ஒருவர் அவர் வீட்டுக்கே போய் அதை வரிவரியாகப் படித்துக் காட்டினார். கேட்டு முடித்த பிறகு பெரியவர் ஆய்வில் தொடர்வதாகவே முடிவு செய்தார். அவர் தொடர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. முதல் நாளே அவருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நம் நாட்டில் இந்த ஆய்வுகள், 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், 2019' என்ற விதிகளின்கீழ் நடக்கின்றன. அவற்றின்படி உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் தரவேண்டும். படிக்கத் தெரியாதவரானால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி ஒப்புதல் பெறும் நேரம் முழுவதும் உடனிருக்க வேண்டும். எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்கள் புத்தம் புதிய மருந்தின் ஆய்வில் சேரும்போது, ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவாகவும் எடுத்து வைக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களுக்குச் சேர வேண்டியது. எந்த நாளிலும், காரணம் சொல்லாமல்கூட, நீங்கள் விலகிக்கொள்ளலாம். அதனால் அந்த மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது.

ஆகவே, படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்று கேளுங்கள். உடனே கையெழுத்துப் போட்டால்தான் இடம் உண்டு என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த ஒரு காரணமே விலகி நிற்கப் போதும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்குள்ள, சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனம் ஒன்று நடத்தும் இந்தப் பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் கைப்பேசியிலேயே அந்த எண்ணைப் போட்டு, எந்த மருந்து, எந்தெந்த மருத்துவமனைகள், எத்தனை பேர் என்பதை எல்லாம் பார்த்துச் சொல்லிவிடுவார்.

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் உடல் நிறை எண் ஏறத்தாழ 36.6 வருகிறது. இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலும் 30க்கு மேல் உள்ளவர்களையும், 27க்கு மேல் இருந்து இரத்த அழுத்தம் போன்ற துணை நோய் உள்ளவர்களையும் சேர்க்கிறார்கள் என்பதால், அந்த அளவில் நீங்கள் தகுதி பெறக்கூடும். ஆனால் முன்பு கணைய அழற்சி வந்ததுண்டா, நெருங்கிய உறவில் யாருக்காவது தைராய்டுப் புற்றுநோய் இருந்ததா, பித்தப்பையில் கல் உண்டா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய லேகியம் உட்பட எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நிற்காத வயது என்பதால் கர்ப்பத்தடையைப் பற்றியும் கேட்பார்கள். அதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: ஆய்வில் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையைக் கொடுப்பார்களாமே? ஒன்றரை ஆண்டுக் காலம் ஒருவரை நம்பவைத்து இப்படிச் செய்வது ஏமாற்றுவது ஆகாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: மருந்து இல்லாத போலி மாத்திரை ஒருவேளை உங்களுக்கு வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி, அதற்கும் சேர்த்துத்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். அதைச் சொல்லாமல் கொடுத்தால் நீங்கள் சொல்வதுபோல் அது ஏமாற்றுதான். எல்லா ஆய்விலும் பாதிப் பேர் என்பதும் இல்லை. மேலே சொன்ன 3,127 பேரில் போலி மாத்திரை பெற்றவர்கள் 949 பேர். மற்றவர்கள் மூன்று வெவ்வேறு அளவுகளில் உண்மையான மருந்தைப் பெற்றார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் அமைகிறது. கொடுக்கும் மருத்துவருக்கும் அது தெரியாது. ஆபத்து நேர்ந்து தெரிந்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் அதைத் திறந்து பார்க்க ஏற்பாடு இருக்கும்.

இந்த ஏற்பாடு ஏன் தேவை என்பதற்கு அதே ஆய்வில் விடை இருக்கிறது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சராசரியாக 2.1 விழுக்காடு எடை குறைந்தது. இவ்வகை ஆய்வுகளில் எல்லோருக்கும் உணவு, நடை பற்றிய ஆலோசனை தருகிறார்கள். மாதந்தோறும் எடை மேடையில் ஏற வேண்டும் என்ற நினைப்பே ஒருவரை இரண்டாம் தட்டுச் சோற்றிலிருந்து கையை எடுக்க வைக்கும். இந்தக் குறைவைக் கழிக்காமல் மருந்தின் கணக்கில் சேர்த்துவிட்டால், மருந்து செய்யாத வேலைக்கும் நாம் விலை கொடுத்தவர்கள் ஆவோம்.

கேள்வி: ஊசி செய்யும் வேலையை மாத்திரை எப்படிச் செய்கிறது?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: நாம் சாப்பிட்டதும் சிறுகுடலில் ஜி.எல்.பி.-1 என்ற சுரப்பு வெளிவருகிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மூளைக்குப் 'போதும்' என்ற உணர்வைத் தருகிறது. ஆனால் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். சிதையாமல் நாட்கணக்கில் நிற்கும்படி அதைத் திருத்தி அமைத்ததுதான் செமாகுளூட்டைடு ஊசி. அது ஒரு புரதச் சங்கிலி என்பதால் வாய்வழியே கொடுத்தால் இரைப்பை அதைப் பருப்பைச் செரிப்பதுபோலச் செரித்துவிடும். அதனால்தான் செமாகுளூட்டைடு மாத்திரையில் உறிஞ்ச உதவும் ஒரு துணைப்பொருளைச் சேர்க்கிறார்கள். அப்படியும் விழுங்கியதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. சர்க்கரை நோய்க்காக 2022இலிருந்து இந்தியாவில் கிடைக்கும் அந்த மாத்திரையை, காலையில் வெறும் வயிற்றில், அரைத் தம்ளருக்கும் குறைவான தண்ணீரில், அதாவது 120 மி.லி.க்கு மிகாமல் விழுங்கி, அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். கண் விழித்ததும் காபி தம்ளரைத் தேடும் நம் ஊர்க்காரர்கள் அந்த அரைமணியில்தான் தவறிவிடுகிறார்கள்.

ஆர்ஃபோர்கிளிப்ரான் புரதம் அல்ல. உடலில் ஜி.எல்.பி.-1 சாவிபோலப் போய்ப் பொருந்தும் அதே பூட்டுக்குப் பொருந்தும்படி வேதியியல் முறையில் செய்த சிறிய மூலக்கூறு. ஆகவே செரிமானத்தில் அழிவதில்லை. உணவுக்கு முன்பா பின்பா என்ற கட்டுப்பாடும் இல்லை. குளிர்பதனப் பெட்டியும் ஊசிப் பேனாவும் தேவைப்படாத மருந்து என்பது, வேதாரண்யத்திலோ கோடியக்கரையிலோ இருப்பவருக்குச் சிறிய வசதி அல்ல.

கேள்வி: "மாத்திரையால் 11 விழுக்காடு எடை குறைந்தது" என்று செய்தியில் படித்தேன். என் எடை 90 கிலோ. எனக்கு எவ்வளவு குறையும்?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: ஐயா, அந்த எண் மேலே சொன்ன ஆர்ஃபோர்கிளிப்ரான் ஆய்வில் 72 வாரங்களில், அதிக அளவான 36 மி.கி. சாப்பிட்டவர்களின் சராசரி, துல்லியமாக 11.2 விழுக்காடு. உங்கள் எடைக்குக் கணக்கிட்டால் சுமார் 10 கிலோ. போலி மாத்திரைக்காரர்களின் 2.1 விழுக்காட்டைக் கழித்தால் மருந்தின் பங்கு சுமார் 8 கிலோ. ஆனால் சராசரியை உங்கள் உடம்பு அறியாது. அந்த அளவைப் பெற்றவர்களில் 54.6 விழுக்காட்டினருக்கு எடை பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது, 18.4 விழுக்காட்டினருக்கு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. மீதமுள்ள 45 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. நீங்கள் இதில் எந்தப் பக்கம் வருவீர்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை இன்று எங்கள் கையில் இல்லை.

செய்தித் தலைப்பில் வராத இன்னொரு எண்ணையும் பாருங்கள். பக்கவிளைவு தாங்காமல் மருந்தை நிறுத்தியவர்கள், அளவைப் பொறுத்து நூற்றுக்கு 5 முதல் 10 பேர்; போலி மாத்திரையில் 3 பேருக்கும் குறைவு. பெரும்பாலும் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு ஆகியவைதான். அளவைக் கூட்டும் வாரங்களில் அவை அதிகம். அதனால்தான் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். ஊசியோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். 2021இல் வெளியான ஆய்வில் செமாகுளூட்டைடு ஊசியால் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் நிறுத்துவது சரியான ஒப்பீடு ஆகாது என்றாலும், மாத்திரை ஊசியை மிஞ்சிவிட்டது என்று விளம்பரம் செய்பவரிடம் இதைக் கேட்கலாம்.

கேள்வி: என் தாயாருக்கு 52 வயது, நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறார். எடை அதிகம், சுகரும் உண்டு. இத்தகைய மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளுமா?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் கேள்வியை ஆய்வு நடத்துபவர்களும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குறுவை நடவுக் காலத்தில், ஜூன், ஜூலை வெயிலில், முழங்கால் சேற்றில் குனிந்து நிற்கும் உடம்பிலிருந்து வியர்வையாகவே எவ்வளவோ நீர் வெளியேறிவிடும். அதோடு மருந்தின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து, பசியும் தாகமும் குறைந்தால், உடல் வறண்டு சிறுநீரகம் பாதிக்கும் நிலை வரலாம். எனவே அவர் எந்த வேலை செய்கிறார் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதை நடவு முடிந்த பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சுகருக்கு அவர் கிளைமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டால், வயலில் இருக்கும்போது சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். அவற்றின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும்.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. உழைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்குத் தசைதான் முதலீடு. சாப்பிடும் அளவே பாதியாகிவிட்டால் அந்தப் பாதியும் வெறும் சோறாகவும் வற்றல் குழம்பாகவும் இருந்துவிடக் கூடாது. சம்பா அறுவடைக்கு முன் வயலில் தெளித்து எடுக்கும் உளுந்தையும் பச்சைப்பயறையும் முழுவதும் விற்றுவிடாமல் வீட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டையும் மீனும் தட்டில் முதலில் வரட்டும், சோறு பிறகு வரட்டும்.

கேள்வி: ஆய்வில் சேர்ந்தவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் யார் பொறுப்பு?
– வாசகி, பாபநாசம்

பதில்: ஆய்வினால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தரவேண்டும்; அது ஆய்வினால் வந்ததுதான் என்று உறுதியானால் இழப்பீடும் தரவேண்டும். கடுமையான பாதிப்பு எதுவானாலும் அது நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் ஒன்றிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். உயிரிழப்புக்கான இழப்பீட்டுச் சூத்திரம் 8 லட்சம் ரூபாயை அடிப்படையாகக் கொண்டு, வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்துக் கூடும் அல்லது குறையும். இவ்வளவையும் பெறுவதற்கு உங்களிடம் இருக்க வேண்டியது படிவத்தின் நகலும் அதிலுள்ள எண்களும்தான். ரேஷன் அட்டை இருக்கும் இடத்திலேயே அதையும் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும். இரவில் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், ஆய்வு மருந்து சாப்பிடுகிறார் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆய்வு முடிந்ததும் மாத்திரை நின்றுவிடுமே, எடை திரும்ப ஏறாதா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பெரும்பாலும் ஏறும். செமாகுளூட்டைடு ஊசி ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களை ஓராண்டு கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப்போலத்தான் இதுவும்; அவர்களுடைய மனவுறுதியில் குறை இல்லை. ஆகவே, "ஆய்வுக்குப் பின் எனக்கு மருந்து கிடைக்குமா, எத்தனை நாளைக்கு, யார் செலவில்?" என்ற கேள்வியைச் சேரும் நாளிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

கேள்வி: வாட்ஸாப்பில் விற்கும் மூலிகைப் பொடியில் என் தங்கைக்கு ஒரே மாதத்தில் 6 கிலோ குறைந்தது. ஆய்வு, படிவம் என்று அலைவதைவிட இதுவே நல்லதல்லவா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: சகோதரி, உங்கள் தங்கையும் இப்போது ஓர் ஆய்வில்தான் இருக்கிறார். அதில் பதிவு எண் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை, நெறிமுறைக் குழு இல்லை, எதாவது ஆனால் பேச ஓர் ஆள் இல்லை. 'மூலிகை' என்று விற்ற பல பொடிகளில் சிபுட்ரமின் என்ற மருந்து கலந்திருந்ததை வெளிநாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதித் தந்த மருந்து அது. ஏறத்தாழ 10 ஆயிரம் பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், இதய நோயுள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து, 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கிக்கொள்ளப்பட்டது; இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்னும் 1997இல் ஃபென்ஃபுளூரமின் என்ற எடை குறைக்கும் மருந்து, இதய வால்வுகளைக் கெடுப்பதாகத் தெரிந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. 2008இல் ரிமோனபன்ட் என்ற மற்றொரு மருந்து மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுவதாக ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. இத்தகைய கேடுகளில் சிலவற்றை நாம் அறிந்துகொண்டது, யாரோ சிலர் படிவத்தில் கையெழுத்திட்டு, மாதந்தோறும் இரத்தம் கொடுத்து, மீதி மாத்திரைகளை எண்ணி ஒப்படைத்ததால்தான்.

தங்கையிடம் அந்தப் பொடியை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். படபடப்பு, தூக்கமின்மை, இரத்த அழுத்தம் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். மயிலாடுதுறை அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகும்போது, அந்தப் பொடி டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.